திரும்பு கம்பத்தில் கட்டிய குதிரை

சாரி-பெல் ராணுவ முகாமில் ஏழு என்ற எண்ணுக்கு நீளம் அதிகம். மற்ற இடங்களில் ஏழுக்குப் பிறகு எட்டு தானாக வந்துவிடும். இங்கே, உடற்பயிற்சிப் பாரில் தொங்குகிறவனின் முகவாய் கம்பிக்கு மேலே வந்தால்தான் வரும். பாதி வழியில் நின்று காற்றை உதைத்துக்கொண்டிருந்தால், கீழே நிற்கும் உல்கான் முகாம் முழுக்கக் கேட்கும் குரலில் "ஏழு" என்பாள். மறுபடி உதைத்தால் மறுபடியும் "ஏழு". குரலில் கோபம் இருக்காது, கேலியும் இருக்காது. தராசு முள் ஆடி நிற்கட்டும் என்று காத்திருக்கும் கடைக்காரரின் பொறுமைதான் இருக்கும்.

முகாமில் எல்லாரும் அவளை "எஜே" என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று. முதுகுக்குப் பின்னால் "இன்னும் ஏழு" என்றார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் கணவர் கால்நடை மருத்துவர். அவள் ஊர் வழக்கப்படி பாதிக் கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தால், அதைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் ஏழுதான்" என்பார்.

பள்ளியில் படிக்கும்போது ஓட்டப் பந்தயங்களில் ஓடியவள் உல்கான். நாரின் என்ற ஊர்ப் பக்கத்து மலைக் காற்றில் நுரையீரல் வளர்ந்த பெண்கள் ஓடினால் சமவெளிப் பெண்கள் பின்னால் வருவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. படையில் முதலில் சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. அங்கே ஒருநாள் உடல் தகுதித் தேர்வை வேடிக்கை பார்த்தாள். எண்ணுகிற அதிகாரி தன் சிநேகிதன் தொங்கும்போது விறுவிறுவென்று எண்ணினார். பிடிக்காதவன் தொங்கும்போது நடுநடுவே இருமினார். இருமல் முடிவதற்குள் பிடிக்காதவன் கீழே விழுந்தான். மறுவாரம் உல்கான் உடற்பயிற்சிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டாள். இப்போது வயது நாற்பத்தாறு. வாரண்ட் அதிகாரி. முகாமில் தேர்வு நடந்தால் விசில் அவள் கழுத்தில்தான் தொங்கும்.

அவளுக்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. எண்ணுகிறவர் தொங்குகிறவனின் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. ஓஷ் சமவெளியிலிருந்து புதிதாக வந்தவன், மலைக்காற்று மார்புக்குப் பழகும்வரை ஓடக்கூடாது, அவனே கெஞ்சினாலும் சரி. ஓடுகிறவர்களுக்குப் பின்னால் அவளே பச்சை சைக்கிளில் வருவாள். முன்னால் போகமாட்டாள். முன்னால் போனால் அது இழுத்துக்கொண்டு போவதாகிவிடும். கடைசியில் ஓடுகிறவன் பக்கத்தில் வந்து ஏதாவது கேட்பாள். ஓட்டுநர் என்றால் வண்டியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று. புதிதாகக் கல்யாணமானவன் என்றால் மாமனார் பெயர் என்று. சரியான பதில் வந்தால் ஓடலாம். பதில் குழறினால், கண் எங்கோ பார்த்தால், விசில். மருத்துவ உதவியாளர் ஸ்ட்ரெச்சரோடு வருவார், அவ்வளவுதான். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் கேள்வி உண்டு. முகாம் தலைவர் மேஜர் தூரோன்பெக்கிடமே ஒருமுறை, "உங்க கல்யாண நாள் எது, தோழர் மேஜர்?" என்று கேட்டாள். அவர் தப்பாகச் சொன்னார். விசில் ஊதப் போனவளைப் பார்த்து, "இது ஓடாதப்பவும் எனக்குத் தெரியாது எஜே!" என்று கத்தினார்.

அந்த ஜூன் மாதத் தேர்வில் எல்லாருடைய கவலையும் ஒரே ஆளைப் பற்றித்தான். சமையல்காரன் பாகாஸ்.

பாகாஸ் ஒப்பந்தச் சிப்பாய். அவன் வருவதற்கு முன் முகாமில் சாப்பாடு என்றால் தண்டனை என்று அர்த்தம். அவன் வந்தபிறகு, விடுமுறைக்குப் போனவர்கள் ஒருநாள் முன்னதாகவே திரும்பினார்கள். புலாவ் செய்யும் நாளில் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆடு மேய்ப்பவர்கள் முகாம் வாசலில் வந்து நேரம் கேட்பார்கள். பாரில் தொங்கினால் பாகாஸ் தேறிவிடுவான். பெரிய அண்டாவைத் தூக்கித் தூக்கித் தோள் இரும்பாகியிருந்தது. ஓட்டம்தான் அவனுக்குச் சத்துரு. மூன்று கிலோமீட்டர். முகாம் வாசலிலிருந்து ஆற்றோரத் திரும்பு கம்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். இரண்டு தேர்வுகளில் கொஞ்சத்தில் தவறியிருந்தான். மூன்றாவதும் தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. முகாம் குடியிருப்பில் இருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி சிர்காவும், அப்போதுதான் பிடியில்லாமல் நிற்கக் கற்றிருந்த பையன் பெக்தூரும் அந்த வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை பெக்தூருக்கு, நடக்கத் தொடங்கும் குழந்தைக்குச் செய்கிற கால்கயிறு வெட்டும் விருந்து. இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

அவன் எங்கே தவறுகிறான் என்று உல்கானுக்குத் தெரியும். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் ஆரம்பத்திலேயே பாய்ந்துவிடுவான். பாதி வழியில் எரிபொருள் தீர்ந்துவிடும். ஆனால் தேர்வு நடத்துகிறவள் ஒருத்தனைத் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொல்லலாமா? சொல்லமாட்டாள். அதனால் ஒவ்வொரு தேர்விலும் வரிசையில் நிற்கும் எல்லாரையும் பார்த்து, "ஆரம்பத்துல பாயாதீங்க, பின்னாடி வேணும்" என்று சத்தமாகச் சொல்வாள். சொல்லும்போது பாகாஸைப் பார்க்கக்கூடாது என்று வானத்தைப் பார்ப்பாள். வரிசையில் நிற்பவர்கள் மழை வருமோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை முதல் குழு ஓடியது. மேஜர் அந்தக் குழுவில்தான்; இருமிக்கொண்டே வந்து தேறினார். தகவல் தொடர்புப் பிரிவின் உலார் என்ற இளைஞன் மட்டும் தவறினான். இலையுதிர்காலத்தில் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்றாலும் அன்று முழுக்க அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது குழு. காலையில் உல்கான் சைக்கிளை வெளியே எடுத்தால் பின்சக்கரம் பஞ்சர். வழக்கமாக ஓட்டத்துக்கு முன் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பு கம்பத்தைப் பார்த்துவிட்டு வருவாள். அன்று போகவில்லை. போன மாதம்தான் தலைநகரிலிருந்து வந்திருந்த இளம் லெப்டினன்ட்டைத் திரும்பும் இடத்துக்கு அனுப்பினாள். கடைசி ஆளின் பின்னால் மருத்துவ உதவியாளரை வண்டியில் வரச் சொன்னாள். தான் ஸ்டாப்வாட்சோடு வாசலில் நின்றாள்.

பாகாஸ் வழக்கம்போலவே பாய்ந்தான். "போச்சு" என்று யாரோ முனகினார்கள். ஆனால் வளைவைத் தாண்டி அவன் திரும்பி வந்தபோது கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தது. கோட்டைத் தாண்டியபோது நேரம் தாராளமாக மிச்சமிருந்தது. சமையலறையில் இருந்தவர்கள் கரண்டியால் அண்டாவை அடித்தார்கள். உல்கானுக்கே சிரிப்பு வந்தது. அவள் அதை இருமலாக்கினாள். பிறகு இருமியதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அந்தச் சந்தடியில் ஓட்டுநர் மெலிஸைக் காணோம். அவன் அப்போதே குடியிருப்பை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான். நல்ல சேதியை முதலில் கொண்டுபோகிறவன் வாசலில் நின்று "சூயுஞ்சு!" என்று கத்தினால், வீட்டார் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பரிசாகக் கொடுத்தே ஆகவேண்டும். மெலிஸ் இந்த விஷயத்தில் கைதேர்ந்தவன். பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதற்குக்கூட ஒருமுறை கையுறை வாங்கியிருக்கிறான்.

"சூயுஞ்சு, சிர்கா! சூயுஞ்சு! உம் புருஷன் தேறிட்டான்!"

சிர்கா அழுதுகொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள். விருந்துக்கென்று பாகாஸுக்குப் புதிதாக வாங்கிய வெள்ளைக் கம்பளித் தொப்பி ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மெலிஸின் தலையில் வைத்தாள். பிறகு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னாள். அங்கே மாமனார் சந்தோஷத்தில், விருந்துக்கு என்று வைத்திருந்த ஆட்டோடு இன்னொரு ஆட்டையும் பிடித்தார்.

வாசலில் உல்கான் மட்டும் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளை உறுத்தியது பாகாஸ் இல்லை, ஒஸ்மோன். ஒஸ்மோன் ஆயுதக் கிடங்குக்காரர். நுரையீரலில் பாதி புகையிலை. எல்லாத் தேர்விலும் கோட்டைத் தொட்டதும் மண்ணில் மல்லாந்து, வானத்தைப் பார்த்துத் தன் பாவங்களை எல்லாம் ஒப்புக்கொள்வார். அன்று நின்றுகொண்டே, "யாருகிட்டப்பா நெருப்புப் பெட்டி?" என்று கேட்டார்.

"ஒஸ்மோன் பாய்கே, எப்படி இருக்கு?" என்றாள் உல்கான். பாய்கே என்றால் அண்ணன்.

"ஜோரா இருக்கு, தங்கச்சி! இன்னொரு தரம் ஓடச் சொன்னாலும் ஓடுவேன்."

"யார் வேணாலும் அதைச் சொல்லலாம். நீங்க சொல்லக்கூடாது" என்றாள் அவள்.

மற்றவர்களிடம் போய் ஆளுக்கொரு கேள்வி கேட்டாள். எல்லாரும் மூச்சு வாங்காமல் பதில் சொன்னார்கள். ஒருவன் பதிலோடு ஒரு துணுக்கும் சேர்த்துச் சொன்னான். ஒரு குழு முழுக்க ஒரே இரவில் குதிரையாகிவிடுமா? சமையலறையில் குர்தாக் இறைச்சி வதங்கும் வாசனை வந்தது. பாகாஸ் எல்லாருக்கும் விருந்து வைக்க ஆரம்பித்துவிட்டான். உல்கான் அந்த வாசனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

திரும்பு கம்பம் ஒரு சிவப்புச் சாயம் அடித்த கல்லின் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்லை அவளே கயிறு பிடித்து அளந்து பதித்திருந்தாள். கம்பம் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றது. நேராக, அழகாக, அடியில் மண் மிதித்துக் கெட்டிப்படுத்தி. ஓடையைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, கல் தன்னந்தனியாக இருந்தது.

ஓடைக் கரையில் ஒரு வெண்சாம்பல் குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜாபார், மேய்ப்பர், படுத்திருந்தார்.

"ஜாபார் பாய்கே, இந்தக் கம்பம் நடந்து வந்துச்சா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் நல்ல காரியம் செய்தவனின் திருப்தி. "அதையேன் கேக்கிற! நேத்துச் சாயங்காலம் குதிரையை அதுல கட்டுனேன்."

"ஏன் கட்டுனீங்க?"

அந்தக் கேள்வியே ஜாபாருக்குப் புரியவில்லை. "கம்பம் நின்னுச்சே!"

உல்கானின் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். இந்தப் பள்ளத்தாக்கில் செங்குத்தாக நிற்கும் எதிலும் குதிரையைக் கட்டாதவன் கிடையாது. தந்திக் கம்பம், பேருந்து நிறுத்தப் பலகை, ஒருமுறை வாக்குச் சாவடியின் கொடிக்கம்பம்.

"நாய் குரைச்சதும் இவ மிரண்டு கம்பத்தைப் புடுங்கிக்கிட்டு ஓடையைத் தாண்டி வந்துட்டா. அரசாங்கச் சாமானாச்சே, அப்படியே விட்டுட்டுப் போகலாமா? இங்க நல்ல மண்ணு. நட்டு, மிதிச்சு, நேரா நிக்குதான்னு ஒத்தக் கண்ணை மூடிப் பார்த்துட்டுத்தான் போனேன்."

"ரொம்ப நேராத்தான் நிக்குது" என்றாள் உல்கான். லெப்டினன்ட் வந்து கம்பம் நின்ற இடத்தில் நின்றிருக்கிறான். புதிய ஆள். கல் எங்கே என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. ஓடினவர்களோ கம்பத்தைக் கண்ட இடத்தில் திரும்பியிருக்கிறார்கள்; மேடு வரவில்லையே என்று எவன் வருத்தப்படுவான்? அதைக் காட்ட வேண்டியவள் அன்று காலை பஞ்சரான சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் ஓடையில் கை நனைத்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். கம்பத்தைப் பிடுங்கிக் கல் பக்கம் நட்டுவிட்டுப் பேசாமல் திரும்பினால் யாருக்கும் தெரியாது. ஜாபார் கேட்டால், சரியான இடத்தில் நட்டேன் என்று சொல்லிவிடலாம். பெக்தூர் அந்த வீட்டிலேயே நடக்கப் பழகுவான். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க அவளுக்கு முகம் துடைக்கும் நேரம்தான் பிடித்தது. பிறகு உலாரின் குனிந்த தலை நினைவுக்கு வந்தது. அவன் கல் வரை ஓடித் தவறியவன்.

மேஜர் தூரோன்பெக் அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கம்பம் நகர்ந்த கதையை அவள் சொல்லி முடித்தும் மூடவில்லை.

"எஜே, எல்லாரும் ஒரே தூரம்தானே ஓடுனாங்க? எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கு. அப்ப நியாயம்தானே?"

"நேத்து ஓடுனவங்களுக்கு?"

"நேத்து முடிஞ்சு போச்சு."

"நேத்து உலார் தவறினான். இன்னிக்கு ஓடியிருந்தா தேறியிருப்பான்."

"ஒருத்தனுக்காக ஒரு குழுவையே..." மேஜர் பேனாவை ஆட்டினார். "பாகாஸை நெனச்சுப் பாருங்க. எனக்கு மட்டும் ஆசையா? அவன் போயிட்டா மறுபடியும் அந்தப் பழைய கஞ்சிதான். என் வயிறு உங்க வயிறு எல்லாம் அவன் கையில இருக்கு."

"நெனச்சேன், தோழர் மேஜர். அப்புறம் நீங்க ஓடுனதையும் நெனச்சேன்."

"நான் என்ன ஓடுனேன்?"

"நீங்க நேத்து ஓடுனீங்க. கல்லு வரைக்கும். ஓடையைத் தாண்டி, அந்த மேட்டுல ஏறி, இறங்கி. இருமிக்கிட்டே."

மேஜரின் பேனா நின்றது. மேடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மெல்ல மாறியது. "அப்ப ஒஸ்மோன் அந்த மேட்டுல ஏறவே இல்லையா?"

"ஓடையைக்கூடத் தாண்டல."

"மத்தியானம் என்கிட்ட வந்து, 'என்ன மேஜர், என் நேரத்தைப் பார்த்தீங்களா'ன்னு கேட்டான்!" பேனா மூடப்பட்டது. "மறுபடி ஓடட்டும்! எல்லாரும்! இப்பவே! இன்னிக்குச் சாயங்காலமே!"

"இன்னிக்கு வேணாம்."

"நீங்கதானே எஜே இப்ப..."

"காலையில ஒருதரம் ஓடியிருக்காங்க. மத்தியானம் குர்தாக் தின்னிருக்காங்க, மேல குதிரைப்பால் கிமிஸ் குடிச்சிருக்காங்க. வெயில் இன்னும் இறங்கல. இப்ப விசில் ஊதினா பாதிப் பேர் மேட்டுல வாந்தியெடுப்பாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் விழுவாங்க. நம்மகிட்ட ஒரு ஸ்ட்ரெச்சர்தான் இருக்கு. திங்கக்கிழமை காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி."

"நான் உத்தரவு போட்டா?"

"போடுங்க. விசிலையும் நீங்களே ஊதிக்குங்க" என்று கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். மேஜர் விசிலைப் பார்த்தார். எச்சில் பட்ட பழைய விசில். விரல்நுனியால் அவள் பக்கமே தள்ளிவிட்டார். "திங்கக்கிழமை" என்றார்.

பாகாஸ் வீட்டுக்கு அவளே போய்ச் சொன்னாள். வேறு யார் வாயாலும் அது போகக்கூடாது என்று நினைத்தாள். சிர்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், விருந்துக்குப் பூர்சோக் பொரிக்க. கேட்டு முடித்ததும் கையை மாவிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

"அந்தக் கல்லை நீங்க பார்க்காம இருந்திருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும், எஜே?"

"ஒண்ணும் குறைஞ்சிருக்காது" என்றாள் உல்கான். "ஆனா பார்த்துட்டேனே."

சிர்கா மாவை ஓங்கி அறைந்தாள். குழந்தை சிரித்தது, விளையாட்டு என்று நினைத்து.

பாகாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். "திரும்பும்போதே என்னமோ சீக்கிரம் வந்துட்ட மாதிரி இருந்துச்சு, எஜே. ஓடையைத் தாண்டலையேன்னு உறைக்கல, கம்பம் பக்கத்துல வந்துடுச்சுன்னும் தோணல. வாழ்க்கையில முதல் தடவையா நான் வேகமா ஓடிட்டேன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் உல்கான் சுவரில் இருந்த காலி ஆணியைப் பார்த்தாள்.

அதே நேரத்தில் மெலிஸ் வந்தான். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். "சேதி பொய்யாப் போச்சு. இதை வாங்கிக்க, சிர்கா."

"சூயுஞ்சு கொடுத்தத யாராவது திருப்பி வாங்குவாங்களா? ஊர்ல ரெண்டு ஆட்டை அறுத்தாச்சு. அதை ஒட்ட வச்சு எழுப்புவியா? தொப்பியைப் போட்டுக்க. நீ சொன்ன சேதிய நிஜமாக்கு!"

"நான் எப்படி நிஜமாக்குறது? அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டா ஓடமுடியும்?"

"அதுக்கு விதியில இடமில்ல" என்றாள் உல்கான். சிர்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உதடு துடித்ததை மறைக்க. கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

மெலிஸால் செய்ய முடிந்தது ஒன்றுதான். சனிக்கிழமை விருந்தில் அவன் பாகாஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாகாஸின் தட்டில் விழுந்ததையெல்லாம் தான் தின்றான். வீட்டுக்காரன் தட்டு காலியாக இருந்தால் விருந்தினருக்குக் கேவலம். அதனால் சித்தப்பாக்களும் மாமாக்களும் கொழுப்பும் வாலுமாக அள்ளி அள்ளி வைத்தார்கள். பாகாஸ் பெருமூச்சு விட்டான். மெலிஸ் மென்றான். மத்தியானத்துக்குள் மெலிஸால் எழுந்திருக்க முடியவில்லை. தொப்பி மட்டும் நேராக இருந்தது.

பிறகு கால்கயிறு வெட்டும் நேரம். பெக்தூரின் இரண்டு கால்களையும் கருப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் தளர்வாகக் கட்டி வெளியில் நிறுத்தினார்கள். ஊர்க் குழந்தைகள் தூரத்திலிருந்து ஓடிவர வேண்டும்; முதலில் வருகிற குழந்தை கயிற்றை வெட்டும்; அந்தக் குழந்தையின் வேகம் இவன் காலுக்கு வரும். பந்தயத்துக்கு யார் நடுவர்? கேட்க வேண்டுமா? சிர்காவே வந்து உல்கானின் கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டிக் கையசைத்தாள்.

குழந்தைகள் பாய்ந்தார்கள். விசில் வீறிட்டது. "திரும்புங்க! சிவப்புப் பாவாடை முன்னாடியே கிளம்பிடுச்சு."

"அது அஞ்சு வயசுப் பொண்ணும்மா!" என்று சிவப்புப் பாவாடையின் மாமா கத்தினார்.

"அஞ்சு வயசுக்குக் கோடு வேற இடத்துலயா இருக்கு, பாய்கே?"

மறுபடி வரிசை. மறுபடி வேறொருவன் முன்னால் காலை வைத்தான். மறுபடி விசில். இவ்வளவு நேரம் காத்திருந்து அலுத்துப்போன பெக்தூர், கட்டிய காலோடு தொபுக்கென்று உட்கார்ந்து, கயிற்று முனையை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தான். "அப்பனைப் போலவே! ஓடுறதுக்கு முன்னாடி சாப்பாடு!" என்று ஒஸ்மோன் கத்த, விருந்தே குலுங்கியது. பாகாஸும் சிரித்தான். மூன்றாவது முறை சிவப்புப் பாவாடையே நேர்மையாக ஜெயித்துக் கயிற்றை வெட்டினாள். பெக்தூர் எழுந்தான். முதல் அடி, இரண்டாவது அடி, சறுக்கல், இன்னொரு அடி. பாய்ந்து போகவில்லை. ஒவ்வொரு காலாக, நிதானமாக, சந்தேகத்தோடு வைத்தான். பாகாஸ் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை காலை புல்லில் பனி இருந்தது. உல்கான் சக்கரத்தை ஒட்டியிருந்தாள். விடிந்ததுமே கல் வரை போய்க் கம்பத்தை ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, ஓட்டப் பாதைக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை அவளே வேறொரு கம்பம் நட்டிருந்தாள். தடித்த கம்பம், மேலே இரும்பு வளையம் வைத்தது. அதில் ஜாபாரின் குதிரை கட்டியிருந்தது. "இது நல்ல கம்பம்" என்றார் ஜாபார், தகுதி அறிந்தவராக. "அந்தத் திரும்பு கம்பம் சுமார்தான்." திரும்பும் இடத்தில் அவரும் உலாரும் நின்றார்கள். உலார் தானாகவே வந்திருந்தான். "ஒவ்வொருத்தனும் கல்லைத் தாண்டித் திரும்புறானான்னு நான் பார்க்கிறேன், எஜே" என்றபோது அவன் தலை நிமிர்ந்திருந்தது. வாசலில் இரண்டு ஸ்டாப்வாட்ச்; ஒன்று லெப்டினன்ட்டிடம், ஒன்று மருத்துவ உதவியாளரிடம்.

"ஆரம்பத்துல பாயாதீங்க, பின்னாடி வேணும்" என்று உல்கான் வானத்தைப் பார்த்துச் சொன்னாள். விசில்.

பாகாஸ் பாயவில்லை. எல்லாரும் அவனைத் தாண்டிப் போனார்கள், ஒஸ்மோன்கூட. வேலியோரம் நின்றவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். பாகாஸ் கீழே மண்ணைப் பார்த்து ஒவ்வொரு காலாக வைத்து ஓடினான். ஓடை தாண்டியதும் ஒஸ்மோனின் பழைய மூச்சு திரும்பி வந்தது; மேட்டில் அவர் தன் முதல் பாவத்தை ஒப்புக்கொண்டார். பாகாஸ் அவரைத் தாண்டினான். கல்லைச் சுற்றினான். திரும்பும்போது இன்னும் இரண்டு பேரைத் தாண்டினான்.

ஒஸ்மோன் பேசிக்கொண்டேதான் வந்தார். அவரைப் பற்றிப் பயமில்லை. பாகாஸின் உதடு வெளுத்ததை உல்கான் பார்த்தாள். சைக்கிளை மிதித்து அவன் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் வந்தாள். கேட்டே ஆகவேண்டும். மற்றவர்களிடம் கேட்பதை இவனிடம் கேட்காமல் விட்டால் அதுவும் அநியாயம். விசிலைப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டாள்.

"பாகாஸ்! புலாவுக்கு அண்டாவுல முதல்ல எது?"

மூச்சு. மூச்சு. "கேரட்" என்றான்.

விசிலுக்குள் காற்று போகத் தொடங்கியது. கேரட் முதலில் போடுகிறவன் மயக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.

"எண்ணெய்! எண்ணெய் எஜே! புகைய விடணும்! அப்புறம் கறி, அப்புறம் வெங்காயம், அப்புறம்தான் கேரட்! சும்மா சொன்னேன்! ஊதாதீங்க!"

"ஓடும்போது விளையாட்டு வேணாம்!" என்று கத்தினாள். கத்திய வேகத்தில் சைக்கிள் வளைந்து வளைந்து போனது.

அவன் கோட்டைத் தாண்டி நடக்க முயன்று, முடியாமல், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நின்றான். மருத்துவ உதவியாளர் நாடியைப் பிடித்தார். யாரும் கரண்டியால் தட்டவில்லை. யாரும் ஓடவில்லை. மெலிஸ் குடியிருப்புப் பக்கம் ஒரு காலை வைத்து, அப்படியே உறைந்து நின்றான். எல்லாரும் உல்கானைப் பார்த்தார்கள். அவள் இரண்டு ஸ்டாப்வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். லெப்டினன்ட்டிடம் கேட்டாள். தூரத்தில் மேட்டின்மேல் ஏறி நின்று உலார் கையிலிருந்த கொடியை உயர்த்தி ஆட்டினான், எல்லாரும் சுற்றினார்கள் என்று.

"தேறிட்டான்" என்றாள் உல்கான். "மூச்சு விடுற நேரம்தான் மிச்சம். ஆனா தேறிட்டான்."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். குடியிருப்புப் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

"எஜே!" மெலிஸ் அலறினான். "நான் கால்ல, நீங்க சைக்கிள்ல! இது நியாயமா?"

உல்கான் நின்றாள். நியாயமில்லைதான். சைக்கிளைப் புல்லில் சாய்த்தாள், தொப்பியணிந்த மெலிஸ் தன் பக்கத்தில் வந்து நிற்கும்வரை காத்திருந்தாள், தானே விசில் ஊதினாள். இரண்டு பேரும் ஓடினார்கள். சனிக்கிழமை தின்ற ஆடு இன்னும் மெலிஸின் வயிற்றில் இருந்தது. நாற்பத்தாறு வயதுக் கால்கள் முதல் கட்டடத்திலேயே அவனைப் பின்னால் விட்டுவிட்டன.

"சூயுஞ்சு, சிர்கா! சூயுஞ்சு!"

சிர்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உல்கானின் முகத்தைப் பார்த்தாள்; இந்த வாயில் வந்தால் அது நடந்ததுதான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கைக்கு ஏதாவது அகப்படுமா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த நேரத்தில் மெலிஸ் மூச்சு வாங்க வந்து நின்றான். சிர்கா அவன் தலையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்து உல்கானின் தலையில் வைத்தாள்.

"அன்னிக்கு நானே கொடுத்தப்ப வாங்கலையே!" என்றான் மெலிஸ்.

"அன்னிக்கு நான் கோவமா இருந்தேன்."

பாகாஸ் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தான். தன் தொப்பி இன்னொரு தலையில் இருப்பதைப் பார்த்தான். அவன் தலை அளவுக்கு வாங்கியது, உல்கானின் புருவத்தை மூடிக் கண்ணோரம் வரை இறங்கியிருந்தது. "மறுபடியும் போச்சா?" என்று வாசற்படியில் உட்கார்ந்தான். பெக்தூர் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி அவனை நோக்கிப் புறப்பட்டான்.

தொப்பிக்கு அடியிலிருந்து உல்கான் எண்ணத் தொடங்கினாள், சத்தமாக, வழக்கம்போல. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது அடியில் குழந்தை தடுக்கி உட்கார்ந்தது.

"ஏழு" என்றாள் அவள். அவன் எழுந்திருக்கக் காத்திருந்தாள்.